மலைநாட்டில் பழைய வாகனம் ‘ஸ்லோ’வில் நிற்காவிட்டால்: காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் முறை

எக்ஸலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் தானாக மெதுவாக ஓடுவதைத்தான் ‘ஸ்லோ’ என்கிறோம். எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட ஓரங்கட்டி, எக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் உதறுகிறது. இரண்டு மூன்று உதறலில் ஓஃப் ஆகிவிடுகிறது. பொனட்டைத் திறந்ததும் பெரும்பாலோரின் கை, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் ஸ்லோ ஸ்க்ரூவுக்குத்தான் போகிறது. அதைத் திருகி வேகத்தைக் கூட்டி வைத்தால் அன்றைக்கு வண்டி நிற்காது. ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். பெற்றோல் செலவு ஏறும், இறக்கத்தில் எஞ்சின் பிடிமானம் குறையும், பிறகு வருபவருக்கு எந்த ஸ்க்ரூ எங்கே இருந்தது என்பதும் தெரியாது. ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை. முதலில் நெருப்பு (பிளக்கில் விழும் பொறி), அடுத்தது காற்றுக் கசிவு, பிறகு பெற்றோல், அதற்கும் பிறகுதான் பெற்றோலும் காற்றும் சேரும் கலவை. புதிதாகக் கற்பவர் இந்த ஒழுங்கை விடாமல் பிடித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே சொல்பவை பெரும்பாலும் கார்பரேட்டர் பூட்டிய பெற்றோல் வாகனங்களுக்கு உரியவை: கே.ஈ. 72 கொரோலா, டி.எக்ஸ். வேகன், பழைய சன்னி, லான்சர், மாருதி 800, மொறிஸ் மைனர் போன்றவை. எஞ்சின்கள் வேறுபட்டாலும் தேடும் வழி ஒன்றுதான்.

உயரம் செய்யும் வேலை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் 1,200 மீற்றருக்கு மேல், பதுளை 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே. நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கார்பரேட்டருக்கு இது தெரியாது. அதன் ஜெட் துளை அதே அளவில் இருக்க, உள்ளே வரும் காற்று மட்டும் மெலிந்துவிடுகிறது. ஆகவே கீழே டியூன் செய்த வண்டி மேலே வந்ததும் பெற்றோல் மிகுந்து ஓடும்: ஸ்லோ கனத்து உருளும், பிளக் கறுக்கும், சைலன்சரில் பெற்றோல் மணக்கும். மறுபக்கம், நுவரெலியாவில் மெலிதாக வைத்த வண்டி கினிகத்தேனை தாண்டி இறங்கியதும் ஸ்லோவில் நடுங்கும். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அந்த உயரத்தில்தான் கலவையைச் செட் செய்ய வேண்டும்.

இறக்கத்தில் எஞ்சின் நின்றால்

வண்டியைச் சோதிக்க ஓட்டிப் பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெடலின் பாரத்தைக் குறைக்கும் பிரேக் பூஸ்டர், எஞ்சின் காற்றை இழுக்கும் உறிஞ்சலில், அதாவது வேக்கியூமில்தான் வேலை செய்கிறது. எஞ்சின் நின்றபின் பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்கு மட்டுமே போதும். அதன் பிறகு பெடல் கல்லாகிவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். எனவே இறம்பொடை வளைவுகளைப் போன்ற இறக்கத்தில் எஞ்சின் நின்றால் கிளச்சை மிதிக்காதீர்கள், நியூட்ரலுக்கும் போகாதீர்கள். கியரில் இருந்தால் சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும், வேக்கியூமும் தொடரும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஓரத்தில் நிறுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை எடுக்க வேண்டாம். எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்லோவில் நிற்காத வண்டியை, காரணம் தெரியும்வரை நீண்ட இறக்கத்துக்கு எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது.

எப்போது நிற்கிறது?

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். காலைக் குளிரில் மட்டுமா, சூடான பிறகா? ஏற்றத்திலா, இறக்கத்திலா? பிரேக்கை மிதிக்கும்போதா? மழை நாளிலா? அரை மணி நேரம் ஓடிய பிறகா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் பூஸ்டரின் உள் டயபிராம் கிழிந்திருக்கலாம். அரை மணி நேரம் ஓடி நின்று, பெற்றோல் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடினால் நெருப்பு கொடுக்கும் மின்பாகங்களான கண்டென்சரையோ கொயிலையோ சந்தேகிக்கலாம்.

தேவையான கருவிகள் அதிகமில்லை: பிளக் ஸ்பேனர், பீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், வேக்கியூம் கேஜ், கார்பரேட்டர் கிளீனர் ஒரு டின், தண்ணீர் தெளிக்கும் சிறு போத்தல், நல்ல ஒரு பழைய பிளக். டைமிங் லைட் இரவல் கிடைத்தால் போதும்.

எந்த சிலிண்டர் என்று பாருங்கள்

எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஓஃப் செய்யுங்கள். முதலாம் பிளக்கின் வயரைக் கழற்றி, பழைய பிளக்கில் மாட்டி, அந்தப் பிளக்கின் உடம்பை எஞ்சின் இரும்பில் அசையாமல் படவையுங்கள். இப்போது ஸ்டார்ட் செய்து ஸ்லோவைக் கேளுங்கள். வேகம் தெளிவாக இறங்கி உதறல் கூடினால் அந்த சிலிண்டர் இதுவரை வேலை செய்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லாவிட்டால் மிஸ் அடிப்பது (எரியாமல் விடுவது) அதுதான். இப்படி ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது வெறும் கையால் வயரை இழுக்க வேண்டாம். எலக்ட்ரொனிக் இக்னிஷன் உள்ள வண்டியில் வயரை அந்தரத்தில் விட்டால் மொடியூலே எரியலாம். அதனால்தான் பழைய பிளக்கை எர்த்தில் படவைக்கச் சொல்கிறோம்.

ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் அந்தப் பிளக், வயர், வால்வு பக்கம் போக வேண்டும். எல்லாமே ஒரே மாதிரி பலவீனமாக இருந்தால் குறை பொதுவான இடத்தில் இருக்கிறது: கொயில், பொயின்ட், கார்பரேட்டர், காற்றுக் கசிவு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நான்கு பிளக்கையும் மாற்றிக் காசைச் செலவழிப்பவர்கள் ஏராளம்.

பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்குங்கள். சாம்பலும் இளம் பழுப்பும் கலந்த நிறம் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. பெற்றோல் ஈரம் இருந்தால் நெருப்பு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு கைட் தேய்ந்திருக்கிறது. சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் கலவை மெலிவு அல்லது காற்றுக் கசிவு. நான்கும் கறுத்திருக்கும் வண்டி கீழிருந்து புதிதாக மேலே வந்ததாக இருந்தால் உயரமே காரணமாக இருக்கக்கூடும்.

நெருப்பு

மலைநாட்டில் மூடுபனியும் விடாத தூறலும் முதலில் பிடிப்பது, நெருப்பை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான். இரவில் பொனட்டைத் திறந்து, விளக்கில்லாமல், எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். வயர்களின் மீது நீலப் பொறி ஓடினால் காப்பு போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடையுங்கள். உட்சுவரில் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால் நெருப்பு அதன் வழியே கசிகிறது. துடைத்தாலும் சுரண்டினாலும் அது போகாது, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவிலுள்ள சிறு கரித்துண்டு ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வருகிறதா என்றும் பாருங்கள். பிளக் வயர் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் அளந்தால் டொயோட்டா வண்டிகளுக்கு 25 கிலோ ஓமைத் தாண்டக்கூடாது.

பொயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு மின்தொடுப்பு) உள்ள வண்டியில் பொயின்ட் முகங்களைத் திறந்து பாருங்கள். ஒரு முகத்தில் குழியும் மறுமுகத்தில் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சரும் சரியில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இடைவெளியைக் கேமின் உச்சியில் வைத்து அளக்க வேண்டும். கொரோலாவின் 4கே எஞ்சினுக்கு 0.45 மில்லிமீற்றர், மொறிஸ் மைனருக்கு 0.35 முதல் 0.40 வரை. பிளக் இடைவெளி 4கேக்கு 0.8, மைனருக்கு ஏறத்தாழ 0.64. கேமில் ஒரு துளி கிரீஸ் பூசாமல் விட்டால் பொயின்டின் பைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி மெல்ல மூடிக்கொள்ளும், டைமிங்கும் (நெருப்பு விழும் நேரமும்) பின்னே போகும். ‘போன மாதம்தான் டியூன் செய்தேன், மறுபடியும் நிற்கிறது’ என்ற முறைப்பாட்டுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

பொயின்டைச் சரிசெய்த பிறகே டைமிங். ஒழுங்கை மாற்றினால் இரண்டும் கெடும். வேக்கியூம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி நுனியை அடைத்துவிட்டு, பொனட்டின் உட்புற ஸ்டிக்கரிலோ கைநூலிலோ உள்ள பாகைக்கு வையுங்கள். நுவரெலியா உயரத்திலேயே ஓடும் வண்டிக்கு அதைவிட 2 முதல் 4 பாகை முன்னே வைத்தால் ஸ்லோவும் இழுவையும் சீராகும். அதே வண்டி பாரத்தோடு கொழும்புக்கும் போவதாக இருந்தால் நொக்கிங் வரும், அப்போது கூட்ட வேண்டாம்.

காற்றுக் கசிவு

எஞ்சின் ஸ்லோவில் இருக்கும்போது, கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மெனிபோல்டில் வேக்கியூம் அதிகம். அதனால் ஒரு சிறு வெடிப்பும் ஸ்லோவைக் குலைக்கும், வேகமாக ஓடும்போதோ தெரியவே தெரியாது. கார்பரேட்டரின் அடி கேஸ்கட், மெனிபோல்ட் கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ் (எஞ்சினின் ஒயில் ஆவியை மெனிபோல்டுக்குக் கொண்டுவருவது), டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கியூம் டயபிராம் ஆகிய ஐந்தையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மீதும் தண்ணீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். உதறல் ஒரு கணம் மாறினால் கசிவு அங்கேதான். பெற்றோல் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சூடான சைலன்சர் மெனிபோல்டுக்குப் பக்கத்தில் அது வண்டியையே எரித்துவிடும், செய்யாதீர்கள்.

பூஸ்டரைச் சோதிக்க, எஞ்சின் ஓஃப் நிலையில் பெடலை நான்கைந்து முறை மிதித்து, கடினமானதும் மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுத் தாழ்ந்தால் பூஸ்டர் நலம். ஸ்லோவில் ஹோஸை இடுக்கியால் நெரித்ததும் உதறல் நின்றால் பூஸ்டரோ அதன் ஹோஸோ கசிகிறது. இது ஓட்டக் குறை மட்டுமல்ல, பிரேக் குறையும்கூட. தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

வேக்கியூம் கேஜ் இருந்தால் வேலை இன்னும் எளிது. ஆனால் கேஜோடு வரும் தாளை அப்படியே நம்ப வேண்டாம். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். ஆகவே ஹட்டனில் 13 முதல் 17, நுவரெலியாவில் 11 முதல் 15 காட்டினால் அது நோயல்ல. முள் அசையாமல் அதற்கும் கீழே நின்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங் பின்தங்கல். ஒழுங்கான இடைவெளியில் ஒரு துடிப்பு விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

பெற்றோல்

நுவரெலியாப் பக்கம் பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிருக்கு நீர் கோத்து அடியில் தேங்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தைப்போல மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் டாங்கி உள்ளே துருப்பிடித்திருக்கும். பில்டருக்கு முன்னுள்ள ஹோஸைக் கழற்றி, கண்ணாடிப் போத்தலில் கால் லீட்டர் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் நீர்த்துளி உருண்டாலோ செந்நிறத் தூள் படிந்தாலோ டாங்கியை இறக்கிக் கழுவாமல் கார்பரேட்டரைத் தொட்டுப் பயனில்லை. பில்டரைப் பூட்டும்போது அதன் அம்புக்குறி பம்பைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்றால் பம்பைப் பாருங்கள். கொயிலுக்கு வரும் வயரைக் கழற்றி, பம்பின் வெளிக் குழாயைப் போத்தலில் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெற்றோல் விட்டுவிட்டு பலமாகப் பாய வேண்டும். சொட்டினால் போதாது. எஞ்சின் ஒயில் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் பம்பின் டயபிராம் கிழிந்து ஒயிலோடு கலக்கிறது, உடனே இரண்டையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது, கார்பரேட்டருக்குள் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. ஜப்பான் கார்பரேட்டர்கள் பலவற்றில் முன்பக்கம் ஒரு சிறு கண்ணாடி இருக்கும். சமதரையில், ஸ்லோவில், பெற்றோல் மட்டம் அதன் நடுப்புள்ளியில் நிற்க வேண்டும். மட்டம் கூடியிருந்தால் சரிவில் வண்டி சாயும்போது பெற்றோல் வழிந்து எஞ்சின் மூச்சுத்திணறும். குறைவாக இருந்தால் ஏற்ற வளைவில் ஜெட் காய்ந்துவிடும். சமதரையில் நன்றாக ஓடி, சரிவில் மட்டும் நிற்கும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுவே. பெரும்பாலும் மிதவையோடு சேர்ந்து பெற்றோலை அடைக்கும் நீடில் வால்வு தேய்ந்திருக்கும்.

சோக் இழுத்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது, காலை அழுத்தினால் நன்றாகப் போகிறது என்றால் ஸ்லோவுக்கான பாதையே அடைத்திருக்கிறது. கார்பரேட்டரின் பக்கத்தில் ஒற்றை வயரோடு ஒரு சொலினோயிட் (மின்சாரத்தில் ஸ்லோ பாதையைத் திறக்கும் சிறு வால்வு) இருந்தால் அதன் வயரைக் கழற்றி, சாவியை ஓன் செய்து, மறுபடி தொடுங்கள். ‘டிக்’ என்ற சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்து, வந்தால் சொலினோயிட்டை மாற்றுங்கள். முழுக் கார்பரேட்டரும் கெட்டுவிட்டதாக நினைத்துக் கழற்றிய பல வண்டிகளில் குறை இந்தச் சிறு பொருளில்தான் இருக்கும். அது சரியென்றால் ஸ்லோ ஜெட்டைக் கழற்றி கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியோ ஊசியோ விடக்கூடாது. துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் ஸ்லோ பழைய நிலைக்கு வராது.

குளிரும் மூடுபனியும்

நானுஓயா, பட்டிப்பளை பக்கம் அடர்ந்த மூடுபனியில் மெதுவாக ஓடும்போது எஞ்சின் படிப்படியாகத் தளர்ந்து நின்றுவிடும். ஐந்து பத்து நிமிடம் கழித்து எந்தக் குறையும் இல்லாததுபோல ஸ்டார்ட் ஆகும். பெற்றோல் ஆவியாகும்போது கார்பரேட்டர் குளிர்ந்து, ஈரக் காற்றிலுள்ள நீர் திரொட்டிலை (எக்ஸலரேட்டரோடு திறக்கும் தகட்டை) சுற்றி உறைந்துபோவதால் இப்படி நடக்கும். வெளியே 10 பாகைக் குளிர் இருந்தாலே போதும். சைலன்சர் மெனிபோல்டிலிருந்து எயார் கிளீனரின் மூக்குக்குச் சூடான காற்றைக் கொண்டுவரும் மெல்லிய உலோகக் குழாய், பல வண்டிகளில் கழற்றி வீசப்பட்டிருக்கும். அதைத் திரும்பப் பூட்டினால் குறை தீரும்.

இதே வகைத் தவறு, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்டற்றைக் கழற்றிவிடுவது. ‘சூடேறாது’ என்று சொல்லிக் கழற்றப்பட்ட வண்டி மலையில் ஒருபோதும் தன் வெப்பத்துக்கு வராது. ஓட்டோ சோக் திறக்காது, பெற்றோல் மிகுதியில் ஸ்லோ உருண்டுகொண்டே இருக்கும். உரிய தேர்மோஸ்டற்றைப் போடுங்கள். 4கே போன்றவற்றுக்கு 82 பாகையில் திறப்பது சரி.

இப்போது ஸ்க்ரூவைத் தொடலாம்

எஞ்சின் முழுச் சூட்டில், எயார் கிளீனர் பூட்டிய நிலையில், விளக்கும் ஏ.சி.யும் ஓஃபில் இருக்கட்டும். கலவை ஸ்க்ரூவை மெல்ல உள்ளே முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்து, இரண்டு முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுங்கள். இறுக்கி முட்டினால் ஊசிமுனையில் வளையம் விழுந்து ஸ்க்ரூ பாழாகும். ஸ்லோவை நிமிடத்துக்கு 750 சுற்று அளவில் வைத்து, கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி எஞ்சின் அதிக வேகத்தில் ஓடும் இடத்தைப் பிடியுங்கள். வேகம் ஏறினால் ஸ்லோ ஸ்க்ரூவால் குறையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின், வேகம் ஒரு 50 இறங்கும்வரை கலவை ஸ்க்ரூவை உள்ளே திருப்பி நிறுத்துங்கள். ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் எஞ்சின் மாறவில்லை என்றால் ஸ்லோ பாதை இன்னும் அடைத்திருக்கிறது, அல்லது காற்றுக் கசிவு மிச்சமிருக்கிறது.

மொறிஸ் மைனரின் எஸ்.யு. கார்பரேட்டருக்கு இது பொருந்தாது. அதில் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவு தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் மிகுதி, இறங்கினால் மெலிவு, ஒரு கணம் ஏறித் திரும்பினால் சரி.

இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால்

தொண்ணூறுகளின் கொரோலா போன்றவற்றில் ஸ்க்ரூ தேடாதீர்கள். திரொட்டில் பொடியையும் ஸ்லோ வால்வையும் கரி போகக் கழுவுவதே பாதி வண்டிகளுக்குப் போதும். பொனட்டுக்குள் உள்ள டயக்னொசிஸ் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்துச் சாவியை ஓன் செய்தால் செக் எஞ்சின் விளக்கு மினுக்கி எண் சொல்லும். 22 தண்ணீர் வெப்ப சென்சர், 31 வேக்கியூம் சென்சர், 41 திரொட்டில் சென்சர். தண்ணீர் வெப்ப சென்சரை மல்டிமீட்டரால் அளந்தால் 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 பாகையில் 200 முதல் 400 ஓம் வர வேண்டும். இந்த சென்சர் பொய் சொன்னால் எஞ்சின் எப்போதும் குளிராக இருப்பதாகவே கம்பியூட்டர் நினைத்துப் பெற்றோலைக் கொட்டும்.

எல்லாம் பார்த்தும் ஒரு சிலிண்டர் மட்டும் எழவில்லையா

முதலில் வால்வு இடைவெளி. 4கேக்குச் சூடான நிலையில் உள்வால்வு 0.20, வெளிவால்வு 0.30 மில்லிமீற்றர். இறுக்கமாக இருக்கும் வால்வு முழுதாக மூடாமல் ஸ்லோவில் மட்டும் மிஸ் அடிக்கும், நாளடைவில் எரிந்துபோகும். பிறகு கம்பிரஷன் டெஸ்ட்: எல்லாப் பிளக்கையும் கழற்றி, எக்ஸலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். கொழும்பில் 150 பி.எஸ்.ஐ. காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 120 அளவில்தான் காட்டும். அதைப் பார்த்து எஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது எண்ணின் அளவைவிட, சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசம். ஒன்று மட்டும் 15, 20 குறைந்தால் அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கட் என்றே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் ஹெட்டைக் கழற்றும் வேலை. அதைக் கராஜ் பாஸிடம் கொடுக்கும்போது இதுவரை எழுதிய அளவுகள் முழுவதையும் கையில் கொடுங்கள், எந்த சிலிண்டர், எந்த உயரத்தில் அளந்தது என்பதையும் சேர்த்து.